குடத்தை இங்கே வை

2003 மே மாதம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து மூன்றாவது நாள். விடியற்காலை நாலு மணி இருக்கும். தெருவில் திடீரென்று ஆட்கள் ஓடுகிற சத்தம், பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கத்துகிறார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தெருவில் ஆள் ஓடினால் ஒன்று சாவு, இல்லையென்றால் தீ. கணவரை உலுக்கி எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே, “தண்ணி லாரி” என்றார்.

அயனாவரத்தில் ஒரு ஸ்டோர் வீடு அது. ஆறு குடித்தனம், நடுவே ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. அதில் வருவது உப்புத் தண்ணீர், துணி துவைக்க மட்டும்தான் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் தெருமுனையில் வந்து நிற்கும் மெட்ரோ வாட்டர் லாரிதான் கதி. அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். லாரிக்குப் பின்னால் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஐம்பது அறுபது குடங்கள் வரிசை கட்டியிருந்தன. சில இடங்களில் குடத்துக்குப் பதில் ஒரு கல், ஒரு பழைய செருப்பு. அவையும் வரிசையில் ‘ஆள்’தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு செருப்பைத் தாண்டிக் குடத்தை வைத்துவிட்டேன். நாலு பக்கமும் சத்தம் கிளம்பியது.

அப்போதுதான் எதிர் போர்ஷன் ஆயா என் கையைப் பிடித்து இழுத்தார். “இன்னாமே, ஊர்ல இருந்து நேத்து வந்தியா? எவர்சில்வர் கொடத்த தூக்கினு வந்துக்கிற. ஒரு இடி இட்டா நசுங்கிப் பூடும்” என்று சொல்லிவிட்டு, தன்னிடமிருந்த நீலக் குடம் ஒன்றை என்னிடம் நீட்டினார். “இத்த வச்சுக்கோ. கொடத்த இங்க வை. என் பின்னாலயே நில்லு.”

அன்று எனக்குக் கிடைத்தது இரண்டு குடம் தண்ணீர். வீட்டுக்குள் வந்து இறக்கி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். குளிப்பதற்காக ஒரு ஆற்றையே வைத்திருந்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

எங்கள் வீடு திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்குப் பக்கம். தாமிரபரணிக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிற படித்துறை அது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும், வடிந்தால் மறுபடி கழுவி விட்டுப் பூஜை நடக்கும். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை எங்கள் மாவட்டங்களைத் தாண்டாமலே ஓடி முடிக்கிற ஆறு. காலையில் ஆற்றில் விழுந்து எழுந்து, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவதுதான் எங்களுக்கு விடிவது. தண்ணீரை எண்ணிப் பிடிப்பார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மழையளவை எடுத்துக்கொண்டால் சென்னைதான் பணக்கார ஊர். ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. நெல்லை நகரத்தில் பெய்வது அதைவிட வெகு குறைவு. ஆனால் நெல்லைக்கு மலை இருக்கிறது, இரண்டு பருவமழையையும் பிடித்து வைத்து அனுப்பும் மலை. சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் நிறைந்தால் உண்டு, நிறையாவிட்டால் அடுத்த வருஷம் குடத்தோடு ஓட வேண்டும். நான் வந்து இறங்கியது அப்படி ஓடிய வருஷத்தில். 2003-04இல் குழாயில் காற்று மட்டும்தான் வந்தது. எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில், 1914இலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் சுத்தம் செய்து தரும் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம். அதன் மதிலை ஒட்டி நடந்து போகும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் இருக்குமா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

பூண்டி ஏரியைப் பற்றி ஒரு விஷயத்தைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். 1939-40இல் சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியில் வந்தது. 1944இல் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை, முந்தைய வருஷமே இறந்துவிட்டார். அவர் பிறந்தது புதுக்கோட்டைச் சீமையில், திருமயத்தில். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்த ஊரின் தாகத்தைத் தன் தாகமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அண்ணாச்சி என்றால் யார்?

புது ஊரில் முதலில் தடுக்கிவிடுவது பேச்சு. நானும் தமிழ், அவர்களும் தமிழ். ஆனால் கடையில் ‘வாளி’ கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டு ‘பக்கெட்டா?’ என்பார்கள். ‘பைய வாரேன்’ என்றால் எந்தப் பை என்று பார்ப்பார்கள். ஆயா காலையில் “நாஸ்டா துன்ட்டியா?” என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்று தெரிந்த பிறகு, தினமும் யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

தெருக்கோடியில் ஒரு மளிகைக் கடை. எல்லோரும் ‘அண்ணாச்சி கடை’ என்றார்கள். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்பது மூத்தவர்களை மரியாதையாக அழைக்கும் முறை. இங்கே அது ஒரு தொழிலின் பேராகிவிட்டிருந்தது. மளிகைக் கடை வைத்திருக்கிறவர் அண்ணாச்சி, அவ்வளவுதான். முதல் நாள் கடையில் நின்று நான் பேசியதைக் கேட்டு, பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

“யம்மா, நீங்க திருநவேலியா?”

“ஆமா அண்ணாச்சி, குறுக்குத்துறை.”

“நமக்குத் திசையன்விளை பக்கம். உடன்குடிக் கருப்பட்டி வந்திருக்கு, தாரேன். காசு பொறவு குடுங்க.”

அந்தக் கருப்பட்டியின் விலை எனக்கு நினைவில்லை. ‘பொறவு’ என்ற சொல் காதில் விழுந்த சுகம் இன்றும் நினைவிருக்கிறது. சென்னையில் தெருவுக்குத் தெரு நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் பதினாறு மணி நேரம் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதில் மாமன் கடையில் எடுபிடியாக வந்து, கடைக்குள்ளேயே மூட்டைகளுக்கு மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். அவர்கள் தங்களுக்காகப் பிடித்து வைத்த இடத்தில்தான் என்னைப் போன்ற பலர் வந்து மூச்சு விட்டோம்.

அடுத்தது இடப்பெயர்கள். பஸ்ஸில் ‘லிபர்ட்டி’ என்று டிக்கெட் கேட்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் லிபர்ட்டி தியேட்டர் இல்லை. அண்ணா சாலையில் ‘சபையர்’ என்கிறார்கள், தியேட்டரை இடித்து எத்தனையோ காலமாகிறது. ஜெமினி மேம்பாலம் இருக்கிறது, ஜெமினி ஸ்டுடியோ இல்லை. இல்லாத கட்டடங்களை அடையாளம் வைத்து வழி சொல்லும் ஊர் இது. அந்தக் கட்டடங்களை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்குத்தான் வழி தெரியும் என்று முதலில் மனம் சோர்ந்தது. பிறகு எங்கள் தெருவில் ஒரு வேப்பமரத்தை வெட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கூரியர்காரரிடம், “வேப்பமரம் இருந்துச்சே, அதுக்கு அடுத்த வீடு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீங்க என்ன ஆளுங்க?”

மகன் பிறந்த பிறகு 2006இல் வேறு வீடு தேடினோம். ஏறத்தாழ இருபது வீடு பார்த்திருப்போம். பத்து மாத வாடகை அட்வான்ஸ், அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை வீடு தேடியவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: தண்ணி நல்லா வருமா? எல்லா வீட்டுக்காரர்களும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: சூப்பரா வரும். குடிபோன பிறகு தெரியும்.

அவர்கள் கேட்ட கேள்விகள் அதிகம். எத்தனை பேர்? சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா? கறி, மீன் சமைப்பீங்களா? கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நல்லது கேட்பதுபோல: “தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?”

நான் தப்பாகத்தான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கணவரோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் நண்பரிடம் ‘வீடு போயிடுச்சி’ என்று சொன்ன இடத்தில், டு-லெட் பலகை மேலும் ஒரு மாதம் தொங்கியது. அந்த வழியாகத்தான் அவர் தினமும் வேலைக்குப் போய் வந்தார். தோழி ஒருத்தி, தலித், கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தன் சாதியைச் சொல்லிவிட ஆரம்பித்தாள். ‘நேரமாவது மிச்சமாகட்டும்’ என்றாள். 2017இல் வாடகைச் சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. இந்தக் கேள்வியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு ஊரை நேசிப்பதற்கு வந்தவர் தயாராகத்தான் இருக்கிறார், வாசலிலேயே நிறுத்தி வைத்தால் அவர் என்ன செய்வார்?

ஊருக்குள்ளேயே ஊர் மாற்றப்பட்டவர்களின் கதை இன்னும் கொடியது. 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரையிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய்ப் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகரில் விட்டார்கள். அவர்கள் யாரும் வெளியூர்க்காரர்கள் இல்லை. மூன்று நான்கு தலைமுறையாகச் சென்னையில் பிறந்தவர்கள். வீட்டு வேலைக்கு நடந்து போய் வந்த பெண்களுக்கு, வேலை செய்த வீடு திடீரென்று இரண்டு பஸ் தூரத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் குடம்தான், லாரிதான். முகவரியைப் பார்த்ததும் வேலை இல்லை என்று சொன்ன இடங்கள் இருந்ததால், பிள்ளைகள் விண்ணப்பத்தில் ‘துரைப்பாக்கம்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா. ஊடகங்கள் எல்லாம் அவரைக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. அவர் திரும்பி வந்த நாளில் அந்தக் குடியிருப்பு கொண்டாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் மறைத்த பெயரை மைக் முன்னால் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெயருக்கு மதிப்பு வர ஒரு பெண் தங்கம் வாங்கிவர வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் அந்தக் கண்ணீரில் இருந்தது.

ரயிலில் வந்த தண்ணீர்

ஒரு ஊரோடு நமக்கு ஒட்டுதல் வருவது அதன் அழகால் என்று நான் நினைக்கவில்லை. பெரம்பூரில் 29சி பிடித்து பெசன்ட் நகர் போய், மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்த மாலைகளில்தான் எனக்கு ஊர் நினைப்பு அதிகமாக வந்தது. அழகு நம்மை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. ஊரின் குறை தெரிய வேண்டும். எந்த நேரம் தண்ணீர் நிற்கும், எந்த மழைக்கு ஓட்டேரி நல்லா கால்வாய் பொங்கும், கரண்ட் போனால் யார் வீட்டில் எமர்ஜென்சி விளக்கு இருக்கும் என்றெல்லாம் தெரிய வேண்டும். அந்தக் குறையை நாலு பேரோடு சேர்ந்து சமாளித்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் வந்தது.

நான் வந்த அதே 2003இல்தான் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். ஸ்டோர் வீட்டு முற்றத்தில் குழி வெட்டி, கூழாங்கல்லும் மணலும் கொட்டினார்கள். ஆறு குடித்தனத்துப் பெண்களும் கல் சுமந்தோம். இதனால் ஒன்றும் நடந்துவிடாது என்றுதான் எல்லோரும் சொன்னோம். அடுத்த வருஷம் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. 2005இல் கொட்டித் தீர்த்தது மழை. ஒரு நாள் ஆயா அடிபம்பில் தண்ணீர் அடித்து, உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். “உப்பு கொறஞ்சிக்கிது” என்றார். ஒவ்வொருவராகக் கை நீட்டிக் குடித்துப் பார்த்தோம். உண்மைதான். நாங்கள் சுமந்த கல் அந்தத் தண்ணீருக்குள் இருந்தது.

2015 வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். 2019இன் வறட்சியைத்தான் நான் சொல்ல வேண்டும். நான்கு ஏரியும் பாளம் பாளமாக வெடித்தன. ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நிலையத்துக்கு. வில்லிவாக்கம் எங்களுக்குப் பக்கத்துப் பேட்டை. எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் பார்க்கப் போயிருந்தோம். எத்தனையோ முறை ஊருக்குப் போக ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். இந்த ஊருக்காக ஒரு ரயிலைக் காத்து நின்றது அன்றுதான்.

அதே வாரத்தில் ஒரு விடியற்காலை. லாரி வந்து நின்றது. பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் ஒருத்தி, ஒடிசா பக்கம், தூக்கம் கலையாத முகத்தோடு குடத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். “இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற, கொடத்த இங்க வை” என்றது ஒரு குரல். அது என் குரல். ஆயா அப்போது உயிரோடு இல்லை.

இரண்டு வெள்ளம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை. மூன்று நாள் கரண்ட் இல்லை, தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தார்கள். ஊரிலிருந்து அம்மா போன் அடித்து அடித்துப் பார்த்து, சிக்னல் கிடைத்த நேரத்தில், “ஏட்டி, அந்த ஊரே வேண்டாம், கெளம்பி வந்துரு” என்று அழுதாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. “எங்க ஊரை அப்படிச் சொல்லாதம்மா” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரியாக இரண்டு வாரம். டிசம்பர் 17, 18. இப்போது மழை எங்கள் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. குறுக்குத்துறை மண்டபம் மூழ்கிய படத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டு, போன் கிடைக்காத அம்மாவுக்காக நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கீழ் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை இன்னும் காயவில்லை. அந்த ஒடிசாப் பெண், இப்போது நன்றாகத் தமிழ் பேசுகிறாள், வாசலில் நின்று, “அக்கா, உங்க அம்மா போன் எடுத்தாங்களா?” என்று மூன்று தடவை வந்து கேட்டாள். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே இருந்தார். திசையன்விளைக்கும் லைன் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவின் குரல் கேட்டது. மாடியில் பக்கத்து வீட்டாரோடு இருந்ததாகச் சொன்னாள். தெருவில் அதைச் சொல்ல நான் இறங்கிப் போகவேண்டியிருக்கவில்லை, நான் போனில் அழுத சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கிணற்றில் மட்டும் புதுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. ராத்திரி ரயிலில் வந்த களைப்பு, படுத்ததும் தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு விழிப்புத் தட்டியது. எழுந்து கொல்லைப்புறம் போய், மோட்டாரைப் போட்டு, இருந்த வாளி, அண்டா, தவலை, இரண்டு குடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். நிலைப்படியில் நின்று, தலைமுடியை அள்ளிச் செருகியபடியே பார்த்தாள்.

“ஏட்டி, யாருக்கு இவ்வளவு தண்ணி?”

கடைசிக் குடம் நிறைய இன்னும் நாலு விரல்கடை இருந்தது. “இரும்மா, இது ஒண்ணுதான்” என்றேன்.